கறிவேப்பிலைக் குருத்து மஞ்சளாவது

முதலில் சாம்பல் போடுவதை நிறுத்துங்கள். மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு, வாரா வாரம் அடுப்புச் சாம்பல் போட்டும் குருத்திலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை என்று எழுதியிருந்தீர்கள். அது அநேகமாக இரும்புச் சத்துக் குறைவு.

கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். அந்தச் சுண்ணாம்பு இருந்தால் மண்ணில் இரும்பு கிடந்தும் வேரால் எடுக்க முடியாது. சாம்பலும் காரம்தான், அதையே இன்னும் கூட்டிவிடும்.

ஒரு சின்னச் சோதனை: வேரடியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் எடுத்துக் காயவைத்து, கொஞ்சம் வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியானால் தண்டைத் தொடாமல் சுற்றிவர மக்கிய மாட்டெரு போட்டு, மேலே சருகு மூடுங்கள். பழைய மஞ்சள் இலை தேறாது. புதுக் குருத்தின் நிறத்தைப் பாருங்கள்.

அடியிலைகள்தான் முதலில் மஞ்சளாகின்றன என்றால் கதை வேறு, அது தழைச்சத்து (நைதரசன்) குறைவாக இருக்கலாம். இலை நுனி கருகினால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கிணறுகள் உவர்க்கும்.

அப்புறம், கறிக்கு இலையாக உருவாதீர்கள். கொப்பு நுனியோடு ஒடித்தால்தான் பக்கக் கிளை வெடிக்கும். ஆனால் கன்று தேறும்வரை அதையும் விட்டுவையுங்கள்.