கேணிக் கயிறு ஏன் பிரிகிறது?

கேள்வி: நானே திரித்த தேங்காய் நார்க் கயிறு, நாலு நாள் தண்ணீர் இறைப்பதற்குள் புரி புரியாக, தனித்தனி இழையாகப் பிரிந்துவிடுகிறது. என்ன தவறு? – வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தவறு முறுக்கில்தான், அம்மா. பேராவூரணிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா முதலில் சொல்லித் தந்தது இதுதான்: புரியை வலப்பக்கம் முறுக்கினால், மூன்று புரியையும் சேர்க்கும்போது இடப்பக்கம் முறுக்க வேண்டும். புரி அவிழப் பார்க்கும். எதிர் முறுக்கு அதை விடாது. இரண்டும் ஒரே பக்கம் என்றால், கையை எடுத்ததும் அவிழும்.

அப்புறம், புரியைத் தளர விட்டால் தானே சுருண்டு மடிய வேண்டும். அந்த அளவு முறுக்கு இல்லையென்றால் சேர்க்காதீர்கள். மூன்றும் ஒரே தடிமன், ஒரே இழுப்பு. ஒன்று தொய்ந்தால் மற்ற இரண்டும்தான் வாளியைச் சுமக்கும். புது நார் சேர்க்கும் ஒட்டு மூன்றிலும் ஒரே இடத்தில் வரக் கூடாது. நுனியை நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

ஈரக் கயிற்றைத் தரையில் குவிக்காமல் கொடியில் போட்டு உலர்த்துங்கள். ராட்டினம் உரசும் இடத்தை அடிக்கடி தடவிப் பாருங்கள். அங்கே ஒரு புரி அறுந்தாலும், அப்பா அந்தக் கயிற்றைக் கேணியில் விடமாட்டார். வெட்டி அவரைக்கொடிப் பந்தலுக்குக் கட்டிவிடுவார்.