தடிமன் குளிசையோடு பனடோலும் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. பிறசருக்குக் கிளினிக் மருந்து எடுக்கிறவர். தடிமனும் காய்ச்சலும் வந்ததால் சந்திக் கடையில் தடிமன் குளிசை வாங்கிக் கொடுத்தேன். மூன்று நேரமும் இரண்டிரண்டு போட்டார். உடம்பு நோவென்று இடையில் பனடோலும் மூன்று தரம் இரண்டிரண்டு. அடுத்த நாள் நெஞ்சு படபடக்கிறது என்றார். பகல் முழுக்கத் தூங்கி விழுந்தார். மருந்தில் பிழையா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: மருந்து பழுதானதாகத் தெரியவில்லை. ஒரே மருந்து இரண்டு பெயரில் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: பரசிட்டமோல் 500 மி.கி., பினைலெப்ரின், குளோர்பெனிரமின். பனடோல் என்பதும் அதே பரசிட்டமோல்தான், அதே 500 மி.கி. அம்மா ஒரு நாளில் போட்டது ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதாவது 6,000 மி.கி. சுகதேகியான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் உச்சம். எட்டுக் குளிசை, அவ்வளவுதான். கள்ளோ சாராயமோ குடிக்கிறவர், ஈரல் வருத்தம் உள்ளவர், மெலிந்தவர் என்றால் இன்னும் குறைவு.

அளவு மிஞ்சினால் அடிபடுவது ஈரல். முதல் நாளில் ஒரு குறியும் காட்டாமல் இருக்கலாம் என்பதுதான் எனக்குப் பயம். அதனால்தான் உங்கள் கடிதம் கிடைத்த உடனேயே, ஆள் தெளிவாக இருந்தாலும் இரண்டு அட்டையையும் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள் என்று அறிவித்தோம். இந்த நஞ்சை முறிக்க மருந்து உண்டு. பிந்தாமல் போனால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

சரி, படபடப்பு ஏன்? மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் பினைலெப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் பிறசர் ஏறலாம், நெஞ்சும் படபடக்கலாம். பிறசர்காரர் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. அப்படியாவது மூக்கைத் திறக்கிறதா என்றால், விழுங்கும் பினைலெப்ரினால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவே சொல்லிவிட்டது. தூக்கத்துக்குக் காரணம் குளோர்பெனிரமின். எங்கள் வீடுகளில் பிரிட்டோன் என்று சொல்வோமே, அதுதான். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். புரொஸ்டேட் வீக்கம் உள்ள ஐயாமாருக்குச் சலம் அடைத்துவிடவும் கூடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் கூடும். முதல் இரண்டு நாள் அது வெறும் காய்ச்சல், உடம்பு நோ மாதிரித்தான் இருக்கும். "பனடோல் கேட்கவில்லை, கொஞ்சம் கடுமையானது தாருங்கோ" என்று ஐபுபுரோபென், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெங்கில் இவையும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறவர் காய்ச்சல் கண்ட உடனே வைத்தியரைக் கேட்க வேண்டும். டெங்கு இல்லாவிட்டாலும் இந்த நோக் குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கும், பிறசரை ஏற்றும், சிறுநீரகத்தை வருத்தும். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இனி வாங்கும்போது, மருந்தாளர் இருக்கிற பாமசிக்கு அம்மாவின் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். காய்ச்சலும் நோவும் மட்டும் என்றால் தனிப் பரசிட்டமோல் கேளுங்கள், அதுவே போதும். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கலாம். உப்புநீர்ச் சொட்டு மருந்தும் இருக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டித் தரும் இரண்டு குளிசைத் துண்டில் பெயரும் திகதியும் பாதியில் போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள். அது முடியாவிட்டால், மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி மூன்றையும் உறையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.