ஊர்ப் பிரச்சினைக்குப் புதுத் தீர்வு யோசிக்க மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

எட்டாம் வகுப்பில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால் எல்லாரும் தெர்மாகோல் மாடலோடு வந்து நிற்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளியில் படிக்கும்போதே சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் சுற்றுச்சூழல் தீர்வுகளுக்குத் தரப்படும் சர்வதேச எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனார். அந்த யோசனைக்கான பொறி, தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்ததுதான். 'காற்று மாசு' என்று தலைப்பு கொடுத்திருந்தால் ஒரு போஸ்டர்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் எதையும் செய்ய வேண்டாம். தெருக்குழாயடி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று போய் உட்கார்ந்து பார்க்கட்டும், அங்கே இருப்பவர்களிடம் "இப்போ இதை எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்கட்டும், ஏனென்றால் கஷ்டப்படுகிறவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள், நல்ல தீர்வு பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும்.

அப்புறம் அட்டை, கயிறு, பழைய டப்பா வைத்து ஒரு மாதிரி செய்து, அதே ஆளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "இது எனக்கு ஒத்துவராதுப்பா" என்று அவர் சொல்வார். சொல்லட்டும். அங்கேதான் உண்மையான பாடம் இருக்கிறது, நாம் அவசரத்தில் தாண்டிப் போவதும் அதைத்தான். மார்க்கைக் கடைசி மாடலின் அழகுக்குப் போடாமல், எத்தனை தடவை, எதற்காக மாற்றினார்கள் என்பதற்குப் போடுங்கள்.