மாடல் டி எஞ்சினும் மேனிஃபோல்டும்: கேள்வி பதில்

கேள்வி: ஃபோர்டு மாடல் டி காருக்கு இரண்டு மேனிஃபோல்டு (காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) செய்து வைத்திருக்கிறேன். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் இல்லாமல் ஒப்பிட வழி உண்டா?

பதில்: பிரெஞ்சுப் பொறியாளர் பிரோனி 1821-இல் செய்த பிரேக் போதும். எஞ்சினோடு சுழலும் உருளையை இரு மரக்கட்டைகளால் கவ்வி, ஒரு மீட்டர் நீளக் கையைத் தராசின் மேல் ஊன்றுங்கள். நிமிடத்துக்கு 1,600 சுற்றில் தராசு 9 கிலோ காட்டினால், அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட 20 குதிரைத் திறன் வந்துவிட்டது. கட்டை புகையும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அதற்கு முன் இணைப்புகளில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் நீங்கள் அளப்பது குழாயை அல்ல, ஓட்டையை.

கேள்வி: மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்க, அதோடு இணைத்த U வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். திராட்டில் (காற்றின் வழியைத் திறந்து மூடும் தடுப்பு) முழுவதும் திறந்திருக்கும்போது தண்ணீரே போதும். மூடினால் எஞ்சின் அதைக் குடித்துவிடும், கவனம்.

கேள்வி: குழாய் பெரிதானால் காற்று அதிகம், சக்தியும் அதிகம். சரிதானே?

பதில்: காற்று மட்டும் போவதாக இருந்தால் சரி. இந்தக் காரில் பெட்ரோலைக் காற்றில் கலக்கும் கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் துளிகள் மேலே ஏற வேண்டும். நான்கு சிலிண்டருக்குக் காற்று நுழைய இரண்டே வாய், அடுத்தடுத்துள்ள இரண்டுக்கு ஒன்று. வெடிக்கும் வரிசை 1-2-4-3 என்பதால், ஒரு வாயில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. அகலக் குழாயில் காற்று மந்தமாகி, துளி சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு முறை குழாயில் கண்ணாடித் துண்டு பதித்துப் பார்த்தேன்: மழைநாளின் ஜன்னல்போல் பெட்ரோல் கீழே வழிந்தது.

கேள்வி: என் மோட்டார் சைக்கிளுக்கு?

பதில்: என் துறை அல்ல. நல்ல மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: பெரிய குழாய் போட்டால் சக்தி கூடுமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: துளியை விடுங்கள், அலையைப் பேசுவோம். நீளக் குழாயில் அழுத்த அலை திரும்பி வந்து காற்றைத் தள்ளும். பந்தயக் கார்களில் செய்கிறார்களே!

பதில்: செய்கிறார்கள். கணக்கையும் போடுங்கள். எஞ்சின் கால் சுற்று சுற்றுவதற்குள் அலை திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,600 சுற்றில் கால் சுற்றுக்கு 9.4 மில்லி விநாடி. ஒலி நொடிக்கு 340 மீட்டர் என்றால் அதற்குள் 3.2 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டுமென்றால் குழாய் 1.6 மீட்டர். இதைவிட வேகமாகச் சுற்றிய 1960-ஆம் ஆண்டு கிரைஸ்லர் 300எஃப் காருக்கே 76 செ.மீ. குழாய் தேவைப்பட்டது.

கேள்வி: 1.6 மீட்டர்தானே? சுருட்டி வைத்துவிடுகிறேன்.

பதில்: அவ்வளவு தூரமும் துளி ஏறுமா?

கேள்வி: குழாயைச் சூடாக்குவேன்.

பதில்: சூடான காற்றின் அடர்த்தி குறையும், ஒலியின் வேகம் கூடும், 1.6 போதாது. இருக்கட்டும், கசிவைப் பார்த்தீர்களா?