டெக் தரைக்கு ஸ்டெய்ன், கைப்பிடிக்குப் பெயிண்ட்

கேள்வி: வீட்டின் பின்புறம் திறந்தவெளியில் மரப்பலகை டெக் போட்டிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் தரைக்கும் கைப்பிடிக்கும் ஒரே எனாமல் பெயிண்டை அடித்தோம். கைப்பிடி நன்றாக இருக்கிறது. தரையில் மட்டும் பாளம் பாளமாக உரிகிறது. மறுபடி பெயிண்ட் அடிப்பதா, மரத்துக்குள் ஊறும் ஸ்டெய்ன் பூசுவதா? மரத்தின் ரேகை தெரிய வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

பதில்: ஒரே பெயிண்ட், ஒரே சமயத்தில் அடித்தது. அப்படியும் ஒன்று உரிந்து மற்றது நிற்கிறது என்றால் பெயிண்டைக் குறை சொல்ல முடியாது. கைப்பிடி நிமிர்ந்து நிற்பதால் மழைத் தண்ணீர் வழிந்து போய்விடுகிறது. தரைப் பலகையிலோ தண்ணீர் தேங்குகிறது, உச்சி வெயில் நேராக அடிக்கிறது, போதாததற்கு அதன் மேல் நடக்கிறோம், நாற்காலியை இழுக்கிறோம்.

மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எனாமல் நாளாக ஆக இறுகிவிடுவதால் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காது. மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தால் போதும், அதன் வழியாகவும் ஆணித் துளை, பலகையின் வெட்டுமுனை வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்புறம் வெளியேற வழியில்லாமல் படலத்துக்கு அடியில் நின்று, அதை மரத்திலிருந்து பிரித்துவிடும். உரிவது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். அடியில் ஈரம் தங்கி மரம் மக்குவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஆகவே தரையில் இனி படலம் கட்டும் எதுவும் வேண்டாம். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் ஸ்டெய்ன் பூசுங்கள். கைப்பிடிக்குப் பெயிண்டே இருக்கட்டும்.

வார்னிஷும் படலம்தான். அதோடு, அதில் நிறமி இல்லாததால் வெயிலின் புற ஊதாக் கதிர் ஊடுருவி, மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும். வார்னிஷ் பிடித்திருந்த மேல்தோலே கழன்று வந்துவிடும். நிறமே இல்லாத ஸ்டெய்னும் இதே காரணத்தால் சீக்கிரம் சக்தி இழக்கும். ரேகையும் தெரிய வேண்டும், வெயிலும் தாங்க வேண்டும் என்றால் லேசாக நிறமி கலந்த ‘செமி டிரான்ஸ்பரன்ட்’ ஸ்டெய்ன்தான் சரி. சாதாரணமாக இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும். ரேகையை முழுக்க மறைக்கும், ‘சாலிட்’ என்று விற்கும் ஸ்டெய்ன் பெயிண்டுக்குப் பங்காளி. தரையில் அதுவும் உரியக்கூடும்.

ஒரு சங்கடம் இருக்கிறது. பழைய பெயிண்ட் மீதமிருக்கும் இடத்தில் ஸ்டெய்ன் ஊறாது. அதனால் தரையில் உள்ளதை முழுக்க எடுத்தாக வேண்டும். மொத்த வேலையில் பெரும்பகுதி இதுதான், குறுக்கு வழி கிடையாது. பெயிண்ட் ரிமூவர் பூசி, இளகியதும் ஸ்க்ரேப்பரால் ரேகை போகும் திசையிலேயே சுரண்டுங்கள். அடியில் பல வருடத்துக்கு முந்தைய கோட்டிங் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துத் தெரிந்துகொள்ளும் வரை உலர்வாக உப்புத்தாள் தேய்க்காதீர்கள். பூச்சி அரிக்காமல், மக்காமல் இருக்க மருந்தேற்றிய பழைய மரமாக இருந்தால் ஆர்செனிக் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. தூளைச் சுவாசிக்கவும் கூடாது, துண்டுகளை எரிக்கவும் கூடாது.

பிறகு கழுவுதல். சாம்பல் பூத்த, பாசி பிடித்த மரத்துக்கு சோடியம் பெர்கார்பனேட் கலந்த டெக் கிளீனர் நல்லது. கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் போகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் நார் கிழிந்து பலகை பஞ்சு பஞ்சாகிவிடும். நல்ல தேய்ப்பு பிரஷே போதும்.

நன்றாகக் காய்ந்த பின், ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு, 60 அல்லது 80 ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கவும். அழகாக இருக்கட்டும் என்று 150, 180 வரை போனால் மரம் வழவழப்பாகி ஸ்டெய்னைக் குடிக்காது. தயாரா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பழைய பூச்சு மிச்சமிருக்கிறது. சில நிமிடத்தில் உறிஞ்சினால் பரப்பு திறந்திருக்கிறது. உள் ஈரத்தை ஈரமானியில் பார்க்கலாம், 15 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்காகத் தேய்த்த மரத்தை வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். அந்த இடைவெளியிலேயே மேற்பரப்பு கெடத் தொடங்கிவிடும்.

தரைக்கு முன் கைப்பிடியை முடியுங்கள், சொட்டு விழாமல் தரையை மூடிவிட்டு. முதலில் ஒவ்வொரு தூணையும் ஆட்டிப் பாருங்கள். அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் புசுக்கென்று இறங்கினால் அது பெயிண்டர் வேலை இல்லை, தச்சர் வேலை. உறுதியாக இருந்தால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்து, மரம் தெரியும் இடங்களில் பிரைமர் வைத்து, வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட். தேக்கு, சிடார் போன்ற மரமாக இருந்தால் கறை தடுக்கும் பிரைமர் வாங்குங்கள்; இல்லாவிட்டால் வெளிர் நிறத்தில் பழுப்புக் கறை கசியும். கைப்பிடிக்குக் கீழுள்ள மரக் கம்பிகளின் அடிமுனை, தூணின் உச்சி ஆகிய வெட்டுமுனைகளில் பிரைமரைத் தாராளமாக விடுங்கள். தண்ணீர் அங்கேதான் அதிகம் ஏறும்.

தரைக்கு வெயில் நேராகப் படாத நேரமாகப் பாருங்கள், பனி ஈரமும் காய்ந்திருக்க வேண்டும். டப்பாக்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று பலகைகளை எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிறுத்தாமல் பூச வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கருமையான பட்டை விழும். கால் மணி நேரம் கழித்தும் ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கோட் வேண்டுமா, எப்போது என்பதற்கு டப்பாவில் எழுதியிருப்பதே கணக்கு.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

அடுத்த முறை எப்போது என்பதற்கும் அதே தண்ணீர்ச் சொட்டு சோதனைதான். சொட்டு நிற்காமல் ஊற ஆரம்பித்ததும், கழுவிக் காயவிட்டு ஒரே ஒரு கோட் பூசினால் போதும். சுரண்டல் இருக்காது.