பாலியல் வன்முறைக்குப் பின் சிபிடி சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியே ஆகவேண்டுமா? நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

பதில்: எல்லா முறையிலும் வேண்டியதில்லை. சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை; அதில் பல முறைகள் உண்டு. உளவியலாளர் பட்ரிசியா ரெசிக் வகுத்த முறை வழக்கமாக 12 அமர்வுகள். சம்பவத்தை விவரிக்காத வடிவமும் அதில் உண்டு, பலன் குறைவதில்லை. முதலில் எழுதச் சொல்வது ஒரு பக்கம்தான்: இது ஏன் நடந்தது என நினைக்கிறீர்கள், அதன்பின் உங்களையும் பிறரையும் பார்க்கும் விதம் எப்படி மாறியது. உளவியலாளர் எட்னா ஃபோவாவின் முறையில்தான் நினைவை விரிவாகச் சொல்லி, அதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்கவேண்டும். பெரும்பாலும் 90 நிமிடம் வீதம் 8 முதல் 15 அமர்வுகள். உங்களுக்கு எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் கத்தவில்லை, ஓடவில்லை. அப்போது நானும் காரணம்தானே?

பதில்: இல்லை. பேரச்சத்தில் உடல் உறைந்துபோவது அனிச்சைச் செயல், சம்மதம் அல்ல. ஆனால் இதை நான் சொல்வதால் மட்டும் அந்த எண்ணம் போகாது. சிகிச்சையாளர் பத்து முறை ஆறுதல் சொன்னாலும் தலை ஆடும், மனம் ஏற்காது. அதனால் ஒரு தாளில் பக்கம்பக்கமாக மூன்று பத்தி (கட்ட வரிசை) போடுவார்கள்: நடந்தது, தோன்றிய எண்ணம், எழுந்த உணர்வு. பிறகு கேள்விகள். அந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரியும்? பின்னால் தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைக் குற்றம் சொல்கிறீர்களா? தீங்கு செய்யும் நோக்கம் யாருக்கு இருந்தது? 'என் தப்பு' என்பதை மனம் விடாததற்குக் காரணம் உண்டு: தப்பு என்னுடையது என்றால் அடுத்த முறை தடுத்துவிடலாம் என்ற பிடி கிடைக்கிறது. பழைய எண்ணத்துக்கு மாற்றாக எழுதும் வரி நம்பக்கூடியதாக இருக்கட்டும். 'எல்லாரும் நல்லவர்கள்' என்று எழுதினால் ஒரு வாரம்கூட நிற்காது.

கேள்வி: மூன்று வாரத்தில் கெட்ட கனவு கூடிவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: ஒதுக்கி வைத்ததைத் தொடும்போது சிலருக்கு ஆரம்பத்தில் அப்படி ஆகும். நிறுத்துமுன் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளை அளக்க 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 படிவம் உண்டு; அதில் மதிப்பெண் கணிசமாகக் குறைந்தால் உண்மையான முன்னேற்றம்; பாதி வழியிலும் அசையாவிட்டால் திட்டத்தை மாற்றவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள், அன்றே உதவி தேடுங்கள்.

கேள்வி: அந்த ஆள் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறான்.

பதில்: அப்படியானால் உங்கள் பயம் பிழையான எண்ணமே அல்ல, சரியான எச்சரிக்கை. முதலில் பாதுகாப்பு, தாளும் பத்தியும் பிறகு.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இதே முறையா?

பதில்: குழந்தைகளுக்குத் தனி வடிவம் உண்டு, 3 முதல் 18 வயதுவரை. தீங்கு செய்யாத பெற்றோரும் இணையாக அமர்வுகளுக்கு வரவேண்டும். மூச்சு, உணர்வுக்குப் பெயர் சொல்வது போன்ற திறன்கள் முதலில், நடந்ததைச் சொல்வது பின்னர்தான். வீட்டில் நீங்கள் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல்.