இரண்டாவது கியர் கரகரத்தால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது என்ஜின் சுழற்சியைக் குறைக்க கியர்பாக்ஸின் பின்னால் பூட்டும் துணைப் பெட்டி) உண்டு. காலையில் எடுத்ததும் இரண்டாவது கியர் கரகரவென்று உரசிக்கொண்டு விழுகிறது, சூடானால் பரவாயில்லை. மெக்கானிக் பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த கியர்பாக்ஸ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சூடானதும் சரியாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னது என்ஜினுக்கு ஊற்றும் அதே 20 டபிள்யூ 50 எண்ணெய். கியர்பாக்ஸ் என்றாலே கியர் ஆயில்தானே என்று யாராவது கெட்டியான 90 நம்பர் எண்ணெயை ஊற்றியிருந்தால், கியர் விழும் முன் இரண்டு பக்கத்து வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க்ரோ ரிங்கால் குளிரில் அதை வழித்துவிட்டுப் பிடிக்க முடியாது, கரகரக்கத்தான் செய்யும். டிஃபரன்ஷியலுக்கான (பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களுக்கான) ஜிஎல் 5 வகையாக இருந்தால் இன்னும் மோசம், அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம் வெண்கல ரிங்குகளுக்கு ஆகாது.

முதலில் ஒரு சோதனை. வண்டி சூடாகி நிற்கும்போது கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அங்கேயும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம், பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பெடல் பின் தேய்ந்து அதன் ஓட்டை முட்டை வடிவமாகியிருப்பது, இவற்றைப் பாருங்கள். ஒரு சின்னப் பின்னுக்காக மொத்தப் பெட்டியையும் இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தால், எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழைவு வயசுக்கு வருவதுதான். தங்கப் பொடி தூவினாற்போல் மின்னினால் ரிங் தேய்கிறது. விரலில் குத்துகிற எஃகுத் துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ போய்விட்டது, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இனி அந்த ரீகண்டிஷன் கதை. எனக்கு இதில் பொறுமையே கிடையாது. இடைத்தரகர் உங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, இன்னொருவர் வண்டியில் கழற்றியதைக் கழுவி, பெயின்ட் அடித்து, கேஸ்கெட்டும் இரண்டு பேரிங்கும் மாற்றித் தந்துவிடுவார். உள்ளே லேஷாஃப்ட் (துணைப் பல்சக்கரத் தொகுதியைத் தாங்கும் தண்டு) குழி விழுந்திருக்கிறதா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? உத்தரவாதச் சீட்டும் பெரும்பாலும் பொருளுக்கு மட்டும்தான். ஆனால் இந்த வண்டியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தூக்க வேண்டும், அந்தக் கூலியை இரண்டாம் முறையும் கொடுக்கப்போவது நீங்கள். உங்கள் பெட்டியையே பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பிரிப்பதென்றால், புது ரிங்கைப் பூட்டும் முன் கியரின் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருக வேண்டும். நன்றாகப் பிடிக்க வேண்டும், ரிங்குக்கும் கியரின் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும் இடைவெளியும் இருக்க வேண்டும். இப்போது வரும் நகல் ரிங்குகளில் சில பிடிப்பதே இல்லை, டப்பாவில் மட்டும் ‘ஒரிஜினல் தரம்’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். கேட்பார் யார்? தூக்கிய கையோடு கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், லேஷாஃப்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஓவர்டிரைவ் தனி விஷயம், இதை மெக்கானிக்குக்கும் படித்துக் காட்டுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய்தான் அதற்கும், அதோடு சேர்த்து சுமார் 3.4 லிட்டர் பிடிக்கும். அதற்குள் இருக்கும் கூம்பு கிளட்ச் உராய்ந்து பிடித்தால்தான் வேலை செய்யும், ஆகவே உராய்வைக் குறைக்கும் எந்தச் சேர்மானத்தையும் கடைக்காரர் சொன்னார் என்று ஊற்றாதீர்கள், வழுக்கும். எண்ணெய் மாற்றும்போது அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரைக் கழுவுங்கள். ஓவர்டிரைவைத் திரும்பப் பூட்டும்போது உள்ளே இரண்டு வரிசைப் பள்ளங்கள் ஒரே நேரில் நிற்க வேண்டும், கூடவே பம்பை ஓட்டும் கேமும் இடத்தில் உட்கார வேண்டும். கையால் தள்ளினாலே கடைசிவரை போய்ச் சேரும். போகவில்லையென்றால் நேராக நிற்கவில்லை என்றுதான் பொருள், போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் உள்ளே ஏதாவது உடையும். அப்புறம், ஒருநாள் அது வேலை செய்யாமல் நின்றால் பெட்டியைத் தொடும் முன் வயரையும் சுவிட்சையும் பாருங்கள்.

இப்போதைக்கு எண்ணெயை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸ் சோதனையில் என்ன ஆனது, தட்டில் என்ன மின்னியது என்று எழுதுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.